270 ரூபாயில் செஞ்ச கோப்பை

ரக்பின்னா நம்ம ஆளுங்க பாதிப் பேருக்கு "அந்த முட்டை மாதிரி பந்து வச்சு அடிச்சுக்குவாங்களே, அதானே?" அவ்ளோதான். எனக்கும் ரூல்ஸ் முழுசா புரியாது. இந்தப் பதிவு ஆட்டத்தைப் பத்தி இல்லீங்க. லண்டன் ட்விக்கன்ஹாம்ல உலக ரக்பி மியூசியம்னு ஒண்ணு இருக்கு. அங்க இருக்கிற ஒரு வெள்ளிக் கோப்பையைப் பத்தி.

பேரே கல்கத்தா கோப்பை. கைப்பிடி மூணும் படமெடுத்த நாகப்பாம்பு, மூடி மேல ஒரு யானை. உயரம் 45 செ.மீ. இருக்கும். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் வருஷா வருஷம் மோதிக்கிறது இதுக்குத்தான்.

கதை 1872 கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஆரம்பிக்குது. கல்கத்தாவுல இருந்த வெள்ளைக்காரங்க, பக்கத்துக்கு இருபது பேரா பிரிஞ்சு ரக்பி ஆடினாங்க. ஒரு பக்கம் இங்கிலாந்துக்காரங்க, எதிர்ல ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் ஆளுங்க. அடுத்த மாசமே (1873 ஜனவரி) கல்கத்தா ஃபுட்பால் கிளப் ரெடி. அஞ்சு வருஷம் கூட முழுசா ஓடல. வெயில் ஒரு பக்கம், டென்னிஸ், போலோ மோகம் இன்னொரு பக்கம். ஆடிட்டு இருந்த பட்டாளமும் ஊர் மாறிப் போயிடுச்சு. கிளப்ல ஓசி சரக்கு நின்னதும் கூட்டம் கரைஞ்சதுன்னு ஒரு கிசுகிசுவும் உண்டு. (நம்பலாம் போலத்தான் இருக்கு :-))

கிளப்பைக் கலைக்கும்போது பேங்க்ல மிச்சம் 270 வெள்ளி ரூபாய்னு சொல்றாங்க. காப்டன், செயலாளர், பொருளாளர் மூணுமே ஒரே ஆள்தான், ரோத்னின்னு பேரு. காசை உருக்கி ஒரு கோப்பை செஞ்சு தர்றோம்னு 1877 டிசம்பர்ல லண்டன் ரக்பி யூனியனுக்குக் கடுதாசி போட்டார். 1878ல கோப்பை போய்ச் சேர்ந்தது. 1879 மார்ச்ல எடின்பரோவுல முதல் மேட்ச். டிரா!

பொட்டி தட்டுற புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். அப்போ ஒரு ரூபாய் 11.66 கிராம். 270 ரூபாய்னா மூணு கிலோ சொச்சம் வெள்ளி.

அங்கதான் அந்தத் தேதி உறுத்துச்சு. 1877! நம்ம பாட்டிமாருங்க "தாது வருசப் பஞ்சம்"னு சொல்வாங்களே, அது 1876-78. எங்க கடத்தூர் அப்போ சேலம் ஜில்லா (தர்மபுரி தனி மாவட்டமானது 1965ல தான்). பஞ்சத்துல மோசமா அடிபட்ட ஜில்லாக்கள்ல சேலமும் ஒண்ணு. 1871 கணக்கெடுப்புல சுமார் 19.7 லட்சம் ஜனம், 1881ல 16 லட்சம். பஞ்சம் பொழைக்க ஊரை விட்டுப் போனவங்களும் இதுல சேர்த்திதான்னாலும், பத்து வருஷத்துல ஜனத்தொகை ஏறாம மூணரை லட்சத்துக்கு மேல இறங்கியிருக்கு.

1877 தொடக்கத்துல ரிச்சர்ட் டெம்பிள்னு ஒரு துரை வந்து நிவாரணக் கூலியைக் குறைச்சார். மண்ணு சுமக்கிற ஆம்பளைக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கூட ஒரு அணா. ஒரு பவுண்டுன்னா அரைக் கிலோ கூட இல்ல. அந்த அணாக் கணக்குல 270 ரூபாய்ங்கறது 4320 ஆள்நாள்.

கிளப் காசு அவங்க சொந்தச் சந்தா. பஞ்சத்துக்கும் அதுக்கும் முடிச்சுப் போட முடியாது, நானும் போடல. ஆனா ரெண்டும் ஒரே ராஜ்ஜியம், ஒரே நாணயம், ஒரே வருஷம். ரக்பி சரித்திரம் எழுதுறவங்க ரோத்னியோட பெருந்தன்மையோட நிறுத்திக்கிறாங்க. அது எனக்கு ஒப்பல.

கோப்பை அப்புறம் பட்ட பாடு தனி. 1988ல மேட்ச் முடிஞ்ச ராத்திரி இங்கிலாந்தோட டீன் ரிச்சர்ட்ஸும் ஸ்காட்லாந்தோட ஜான் ஜெஃப்ரியும் இதை எடின்பரோ தெருவுல பந்தா உதைச்சு நசுக்கிட்டாங்க. ஜெஃப்ரிக்கு ஆறு மாசத் தடை, ரிச்சர்ட்ஸுக்கு ஒரே ஒரு மேட்ச். நல்லா இருக்குல்ல நியாயம்! ஒட்டுப் போட்டுச் சரி பண்ணினாலும் இனி பயணம் தாங்காதாம். அதனால அசல் மியூசியத்துலயே இருக்கு, ரெண்டு நாட்டுக்கும் நகல்தான்.

லண்டன்ல ஆன்சைட்ல இருக்கிற மக்களே, ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்துட்டு படம் அனுப்புங்க. யானையை க்ளோசப்ல.