சீனித்துளசி வந்த வழி



புனே நகரின் கிழக்கே, ஹடப்ஸரை அடுத்து, மகர்பட்டா என்றொரு குடியிருப்பு நகரம் இருக்கிறது. பணியின் பொருட்டு இங்கே வந்து தங்கிவிட்ட தமிழர்களுள் நானும் ஒருவன். வானளாவிய கண்ணாடிக் கட்டடங்களையும் நிழற்சாலைகளையும் இன்று காண்பவர்கள், ஒரு தலைமுறைக்கு முன்னர் இவ்விடம் கரும்பும் சோளமும் விளைந்த வயல் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். வெள்ளையர் ஆட்சியில், 1879-ஆம் ஆண்டளவில் கட்டி முடிந்த கடக்வாஸ்லா அணையின் நீர் கால்வாய் வழியே இப்பக்கம் பாய்ந்தது. நீர் வந்த இடமெல்லாம் கரும்பும் வந்தது.

அக்கரும்பிலே நமக்கும் ஓர் உறவுண்டு. கோயம்புத்தூரில் 1912-ஆம் ஆண்டு கரும்பு இனப்பெருக்க நிலையம் தோன்றியது. பார்பர் என்னும் ஆங்கிலேயரும், அவருடன் உழைத்த டி. எஸ். வெங்கடராமன் என்னும் தமிழரும், தோட்டக் கரும்பை நாணல் இனத்தைச் சேர்ந்த காட்டுக் கரும்போடு இணைத்துப் புதுவகைகளை உண்டாக்கினார்கள். அவ்வழியில் வந்த ‘கோ 740’ என்னும் வகை பல்லாண்டுகள் மராட்டிய மண்ணை ஆண்டது. ‘கோ’ என்பது கோயம்புத்தூரின் முதலெழுத்து. ஆகவே பிழைப்புத் தேடி இங்கு வந்த தமிழர்களுக்கு முன்பே கோவைக் கரும்பு இங்கே குடியேறிவிட்டது என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு சிறு பெருமை.

எங்கள் கட்டடத்தில் முதியவர் ஒருவர் இருக்கிறார். இளமையில் இதே நிலத்தில் கரும்பு வெட்டியவர். அவரைக் ‘காகா’ என்றே அழைப்போம். குருதியில் சர்க்கரை மிகுந்துவிட்டதென்று மருத்துவர் என்னை எச்சரித்த செய்தி அவர் காதுக்கு எட்டியது. மறுவாரமே ஒரு தொட்டிச் செடியைக் கொண்டுவந்து என் வாயிலில் வைத்தார். இலையொன்றைக் கிள்ளி மென்றேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மெல்ல மெல்ல ஓர் இனிப்பு எழுந்து நாவில் நெடுநேரம் நின்றது. அதன் பின்னே அதிமதுரத்தின் சாயலும், ஒரு துளிக் கசப்பும் இருந்தன. கரும்பு வெட்டிய கை கரும்புக்குப் போட்டியாளனைக் கொண்டுவந்து கொடுத்த விந்தைதான் இச்செடியின் வரலாற்றை ஆராய என்னைத் தூண்டியது.

நாம் இதனைச் சீனித்துளசி என்கிறோம். உண்மையில் இது துளசி அன்று. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. சீனியும் அன்று. ‘சீனி’ என்ற சொல்லே சீனத்தைச் சுட்டுவது. ‘சர்க்கரை’யின் மூலமாகிய வடசொல்லோ பரற்கல்லைக் குறித்தது. அதியமானின் முன்னோர் தொலைவிலிருந்து கரும்பைக் கொணர்ந்தனர் என்னும் செய்தியைப் புறநானூற்றில் ஔவையார் பதிந்து வைத்தார். இனிப்பு என்பது எப்பொழுதும் எங்கிருந்தோ வருவதாகவே நம் மொழிக்குத் தோன்றியிருக்கிறது. மொழிபெயர்ப்பை வாழ்வுத் தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்வகை ஆராய்ச்சியில் நேரம் போவதே தெரியாது, நேயர்கள் பொறுத்தருள்க.

செடியின் தாயகம் தென் அமெரிக்காவில், பராகுவே நாட்டின் வடகிழக்கே, பிரேசில் எல்லையையொட்டிய அமாம்பாய் மலைப்பகுதி. அங்கு வாழும் குவாரனி மக்கள் அதைத் தங்கள் மொழியில் ‘இனிய பூண்டு’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். ‘மாத்தே’ என்னும் அவர்களுடைய கசப்புப் பானத்தை இவ்விலையால் இனிப்பாக்கினர், மருந்தாகவும் கொண்டனர். இவ்வறிவு எழுத்திலே இல்லை. பாட்டி பேரனுக்குச் சொல்லிவந்த அறிவு.

1887-ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்திலிருந்து குடியேறிய மொய்சேஸ் பெர்த்தோனி என்னும் தாவர அறிஞர் இச்செடியைப் பற்றி முதன்முதலாகக் கேள்விப்பட்டார். வழிகாட்டிகளாக வந்த பழங்குடியினர்தாம் அவருக்குச் சொன்னவர்கள். சொன்னார்களே தவிர, செடி அவர் கைக்கு எட்டப் பல ஆண்டுகள் பிடித்தன. உலர்ந்த துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு 1899-இல் அதற்கு ஓர் அறிவியற் பெயர் சூட்டினார். உயிருள்ள செடியைப் பின்னரே பார்த்தார். பார்த்தபின் முந்தைய வகைப்பாடு பிழையென உணர்ந்து, 1905-இல் ‘ஸ்டீவியா ரெபௌதியானா’ என்று திருத்தினார். தம் பிழையைத் தாமே திருத்திய அவருடைய நேர்மையை நான் மதிக்கிறேன்.

ஆயினும் அப்பெயரைச் சற்றே பிரித்துப் பாருங்கள். ‘ஸ்டீவியா’ என்பது பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டு வலென்சியாவில் வாழ்ந்த எஸ்தேவே என்னும் மருத்துவரின் நினைவாக அமைந்தது. ‘ரெபௌதி’ என்பவர் இலையை ஆராய்ந்த பராகுவே வேதியியலார். எஸ்தேவே இச்செடியைக் கண்டதே இல்லை. கண்டு, சுவைத்து, வளர்த்துக் காத்தவர்களின் பெயரோ அதில் எங்குமே இல்லை.

1931-ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியலார் பிரிதெல், லவியெல் ஆகிய இருவர், இனிப்புக்குக் காரணமான பொருளைத் தனியே பிரித்தெடுத்தனர். சர்க்கரையைப் போல் இருநூறு, முந்நூறு மடங்கு இனிப்புடையது அது. எனினும் நாற்பது ஆண்டுகள் அதைக் கேட்பாரில்லை. சைக்லமேட் என்னும் செயற்கை இனிப்புக்கு 1969-இல் ஜப்பான் தடை விதித்தது. அதன் பிறகே அந்நாட்டார் மாற்றுப் பொருளை நாடி, எழுபதுகளில் சீனித்துளசியை வாணிபத்துக்குக் கொண்டுவந்தனர். பின்பு சீனா பெருமளவில் பயிரிட்டது. அமெரிக்கா 1991-இல் இறக்குமதியைத் தடுத்து, 1995-இல் துணையுணவாக மட்டும் இசைந்து, 2008-இல் தூய்மை செய்த சாற்றுக்கு வாயில் திறந்தது. ஐரோப்பா 2011-இல் இசைந்தது. நம் நாட்டில் 2015-இல் விதிகள் வந்தன.

இங்கே என் தொழில் சார்ந்த ஐயம் ஒன்றைச் சொல்லவேண்டும். கடைகளில் விற்கும் பொடியின் மேல் ‘இயற்கை’ என்று பொறித்திருக்கிறார்கள். இலையை நீரில் ஊறவைத்து, வடித்து, கசடு நீக்கி, படிகமாக்கிப் பெற்ற வெண்பொடி அது. பல பொட்டலங்களில் வேறு மாவுப் பொருள்களும் சேர்ந்திருக்கும். பன்னாட்டு வல்லுநர் குழு ஆய்ந்து அளவு வகுத்ததும் அத்தூய சாற்றுக்கே: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு, ஸ்டீவியால் கணக்கில், 4 மில்லிகிராம் வரை. பச்சை இலைக்கு அவ்வாறான மதிப்பீடு செய்யப்பெறவில்லை. ஆகவே இலையே பாதுகாப்பு, பொடியே கேடு என்றும் கொள்ளலாகாது. இயற்கை என்பதாலேயே நலம் என்றும் கொள்ளலாகாது. உடல் எடையைக் கட்டுப்படுத்தும் பொருட்டு இத்தகைய இனிப்புகளை நாடவேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவுறுத்தியது. ஏற்கெனவே நீரிழிவு உற்றவர்களுக்கு அவ்வறிவுரை பொருந்தாது என்றும் அதே குறிப்பில் உண்டு. என் போன்றோர் மருத்துவரைக் கேட்டே நடக்கவேண்டும்.

சமையலறையில் அதன் எல்லை விரைவில் தெரிந்துவிடும். காப்பிக்கு உதவும். பாகு காய்ச்சினால் கம்பிப் பதம் வராது. அதிரசம் பொன்னிறம் கொள்ளாது. தைப்பொங்கலுக்கு அதைப் போட்டுப் பார்த்த என் மனைவி, இனி வெண்பொங்கலே வைப்போம் என்று முடிவு கட்டிவிட்டாள்.

மகர்பட்டாவுக்குத் திரும்புகிறேன். நகரம் விரிந்து வந்தபோது இந்நிலம் அரசால் கையகப்படுத்தப்படும், அல்லது துண்டு துண்டாக விலைபோகும் என்ற அச்சம் இருந்தது. ஏறத்தாழ 120 உழவர் குடும்பங்கள், சதீஷ் மகர் என்பவர் முன்னின்று நடத்த, சுமார் 400 ஏக்கரை ஒன்றாகச் சேர்த்தன. ஒவ்வொருவரும் தத்தம் நிலத்தின் அளவுக்கேற்பக் கம்பெனியில் பங்கு பெற்றனர். கரும்பு போயிற்று, நிலத்துக்கு உரியவர் பங்காளியாகவே நின்றார்.

குவாரனி மக்களுக்கு அது வாய்க்கவில்லை. அவர்களுடைய காடுகளின் பெரும்பகுதி மேய்ச்சல் நிலமாகவும் சோயா வயலாகவும் மாறிவிட்டது. தாயகத்துக் காட்டிலே சீனித்துளசி அரிதாகிவிட்டது. மரபறிவால் விளையும் பயனில் அறிவுக்குரியவருக்கும் பங்கு வேண்டும் என்ற நாகோயா உடன்படிக்கை 2010-இல் உருவாயிற்று. அதன் அடிப்படையில் பாய் தவிதெரா, கையோவா என்னும் இரு குவாரனிப் பிரிவினரும் 2016-இல் கூடித் தங்கள் பங்கைக் கோரினர். இதற்கிடையே, செடியே தேவையின்றி, மரபணு மாற்றிய ஈஸ்டைக் கொண்டு தொட்டிகளில் நொதிக்கவைத்து அதே இனிப்பை ஆக்கும் முறையும் வந்துவிட்டது. இலையே வேண்டாமெனில் இலைக்குரியவரிடம் எதைக் கேட்டுப் பங்கு கொடுப்பார்கள்?

சென்ற சங்கராந்தியன்று காகா எள்ளும் வெல்லமும் கலந்த உருண்டையோடு வந்தார். அன்று அதைக் கொடுத்து இனிமையாகப் பேசும்படி வேண்டிக்கொள்வது இந்நாட்டு வழக்கம். நான் பாதி உருண்டையை எடுத்துக்கொண்டு, அவருக்குச் சீனித்துளசி இட்ட காப்பி கொடுத்து, இக்கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, “அந்த மக்களிடம் நிலப்பட்டா ஏதும் இருந்ததா?” என்று கேட்டார். இல்லை என்றேன். எழுந்து சென்று தொட்டியின் மண்ணைத் தொட்டுப் பார்த்தார். நீர் அதிகமாக ஊற்றுகிறீர்கள், வேர் அழுகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்.