நன்னீர் மீன்தொட்டி வடிகட்டியின் வரலாறும் மாற்றும் முறையும்

நன்னீர் மீன்தொட்டியில் உள்ள வடிகட்டி, நீரில் மிதக்கும் அழுக்கைப் பிடித்து வைக்கும் கருவி மட்டுமன்று. மீன்களின் கழிவிலிருந்து உண்டாகும் நச்சை மாற்றும் பாக்டீரியாக்கள் வாழும் இடமும் அதுவே. பல மாதங்கள் நன்றாக இருந்த தொட்டியில், பழைய வடிகட்டியை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்திய சில நாள்களில் மீன்கள் இறப்பது உண்டு. புதிய கருவியில் பழுது எதுவும் இராது. பழைய கருவியோடு பாக்டீரியாக்களும் வெளியேறியிருக்கும். இந்தப் பாக்டீரியாக்களைப் பற்றி அறிவியல் அறிந்துகொண்ட வரலாற்றில் ஒரு தந்தைக்கும் மகனுக்கும் பங்கு உண்டு.

வடிகட்டி இல்லாத தொட்டி

லண்டனில் மருந்து தயாரிக்கும் அமைப்பான அப்போதிகரிஸ் ஹாலில் வேதியியலாளராகப் பணிபுரிந்தவர் ராபர்ட் வாரிங்டன் (1807–1867). இவர் 1849இல் சுமார் 12 காலன் (ஏறத்தாழ 54 லிட்டர்) கொள்ளளவுள்ள தொட்டியில் பொன்மீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்த்தாவரத்தையும் வைத்தார். மீனுக்கு வேண்டிய ஆக்சிஜனைச் செடி தரும், செடிக்கு வேண்டிய கார்பன் டைஆக்சைடை மீன் தரும் என்பது இதன் அடிப்படை. நாளடைவில் இலைகள் அழுகி நீர் கலங்கியது. அழுகியவற்றைத் தின்னும் குளத்து நத்தைகளை விட்டதும் நீர் தெளிந்தது. இச்சோதனையை அவர் 1850இல் வெளியிட்டார். அவருடைய விளக்கத்தில் மீன், செடி, நத்தை ஆகிய மூன்றே இருந்தன. அடியிலிருந்த மணலிலும் கற்களிலும் பாக்டீரியாக்கள் செய்யும் வேலை அன்று யாருக்கும் தெரியாது.

பாரிஸ் சோதனை

1877இல் பிரான்சைச் சேர்ந்த ஷ்லோசிங், முன்ட்ஸ் ஆகிய இருவர், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய நீண்ட குழாயில் சாக்கடை நீரை மெதுவாக ஊற்றினர். முதல் 20 நாள்கள் அம்மோனியா மாறாமல் வெளிவந்தது. அதன் பின் அது நைட்ரேட்டாக மாறத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. சிறிதளவு மண் கலந்த நீரைச் சேர்த்ததும் மீண்டும் தொடங்கியது. இது வெறும் வேதிவினை அன்று, உயிர்களின் செயல் என்பது இதனால் விளங்கிற்று.

மகனின் ஆய்வு

வாரிங்டனின் மகன் பெயரும் ராபர்ட் வாரிங்டன் (1838–1907). இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் இவர் இதே நிகழ்வை மண்ணில் ஆராய்ந்தார். அம்மோனியா முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரைட் நைட்ரேட்டாகவும் இரண்டு படிகளில் மாறுகிறது என்றும், இரண்டையும் வெவ்வேறு உயிர்கள் செய்கின்றன என்றும் காட்டினார். ஆயினும் அவற்றைத் தனியே பிரித்தெடுக்க அவரால் இயலவில்லை. அதைச் சாதித்தவர் ரஷ்யரான செர்கேய் வினோகிராட்ஸ்கி. 1890இல் சூரிக் நகரில் பணிபுரிந்தபோது அவர் இதனைச் செய்தார். தந்தையின் தொட்டியில் கண்ணுக்குத் தெரியாமல் நடந்த வேலைக்கு மகனின் ஆய்வு விளக்கம் தந்தது.

வடிகட்டியின் வடிவங்கள்

20ஆம் நூற்றாண்டில் மின்சாரக் காற்று பம்புகள் பரவியபோது பல வகை வடிகட்டிகள் வந்தன. கரியும் பஞ்சும் அடைத்த பெட்டி, கூழாங்கற்களுக்கு அடியில் பதிக்கும் தட்டு, ஸ்பாஞ்ச், தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஆகியவை அவற்றுள் சில. வடிவம் எதுவானாலும், நுண்ணுயிர்கள் ஒட்டி வளர இடமும் ஆக்சிஜன் கலந்த நீரோட்டமும் தருவதே இவற்றின் முக்கியப் பணி.

நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுபவை நைட்ரோபேக்டர் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா இனமே அப்பணியைச் செய்கிறது என 1998இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். இரண்டு படிகளையும் தானே செய்யவல்ல நைட்ரோஸ்பைரா வகைகளும் உண்டு என்பது 2015இல் வெளியானது.

மாற்றும் முறை

பாரிஸ் குழாய்க்குத் தேவைப்பட்டது போலவே, புதிய வடிகட்டிக்கும் காலம் தேவை. நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். ஆகவே பின்வரும் முறை பாதுகாப்பானது.

1. பழைய வடிகட்டியை நிறுத்தாமல், புதியதையும் அதே தொட்டியில் 4 முதல் 6 வாரங்கள் சேர்த்து ஓட்ட வேண்டும்.

2. இரண்டையும் வைக்க இடமில்லை என்றால், பழைய ஸ்பாஞ்சு, பீங்கான் வளையம் போன்றவற்றை ஈரம் காயாமல் உடனே புதிய வடிகட்டிக்குள் மாற்றலாம். பாரிஸில் மண்நீர் செய்த வேலையை இது செய்யும்.

3. அவற்றைக் குழாய்நீரில் கழுவக் கூடாது. அதிலுள்ள குளோரின் நுண்ணுயிர்களைக் கொல்லும். தொட்டியிலிருந்து எடுத்த நீரில் மெல்ல அலசினால் போதும்.

4. அடித்தட்டு வடிகட்டியை அகற்றும்போது கூழாங்கற்களை ஒரே நாளில் அள்ளக் கூடாது. நுண்ணுயிர்கள் அவற்றில்தான் வாழ்கின்றன. அடியில் தேங்கிய கசடும் கிளம்பிவிடும். வாரம் ஒரு பகுதியாக எடுப்பது நல்லது.

5. மாற்றக் காலத்தில் தீனியைக் குறைத்து, அம்மோனியா, நைட்ரைட் அளவுகளைச் சோதனைக் கருவியால் பார்த்துவர வேண்டும். இவற்றுள் ஒன்று தென்பட்டாலும், குளோரின் நீக்கிய நீரால் ஒரு பகுதியை மாற்ற வேண்டும்.

நீரின் காரத்தன்மையும் வெப்பமும் கூடும்போது அம்மோனியாவின் நச்சு மிகும். நைட்ரைட்டோ மீனின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைக்கும். அதனால் மீன்கள் நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறும். நீர் தெளிவாகத் தெரிவதால் தொட்டி நலமாக உள்ளது என்று எண்ணிவிடக் கூடாது. இவ்விரண்டு நச்சுகளுக்கும் நிறமில்லை.