உத்தரமேரூர்க் கல்வெட்டும் தணிக்கையின் சார்பின்மையும்

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த உத்தரமேரூரின் வைகுண்டப்பெருமாள் கோயில் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலைத் தேர்தலுக்காகவே பெரிதும் பேசப்படுகின்றன. ஆயினும் முதலாம் பராந்தகனின் 14ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த இரண்டாம் கல்வெட்டு கணக்கு குறித்தும் விரிவான விதிகளை வகுக்கிறது. வாரியப் பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதி இழந்தனர். ஊர்க்கணக்கு எழுதியவர் பெருங்குறிப் பெருமக்களிடம் தாமே கணக்கை ஒப்படைத்து, நேர்மையானவர் என அறியப்பட்ட பின்னரே மீண்டும் அப்பணியைப் பெறலாம். அக்கணக்கை முடிக்க வேறு கணக்கர் புகலாகாது.

இவ்விதிகளை இன்றைய நிறுவனத் தணிக்கையின் முன்னோடியாகக் கொள்ளலாமா? எழுதுபவர் வேறு, சரிபார்ப்பவர் வேறு என்னும் பிரிவு இரண்டிலும் உண்டு. ஆனால் உறவுத் தடை விழும் இடம் மாறுபடுகிறது. இன்று மறைமலைநகரில் இயங்கும் உற்பத்தி நிறுவனங்களுக்கும் பொருந்தும் 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம், அத்தடையைத் தணிக்கையாளர் மீது வைக்கிறது: இயக்குநரின் உறவினர் அந்நிறுவனத்தின் தணிக்கையாளராக இயலாது. உத்தரமேரூரில் தடை கணக்குக் காட்டாதவரின் உறவினரைச் சார்ந்தது. கணக்கைச் சரிபார்த்தோர் அவ்வூர்ச் சபையாரே. எனவே அக்கல்வெட்டைக் கணக்கு ஒப்புவிக்கும் கடமைக்குச் சான்றாகக் கொள்ளலாமேயன்றி, சார்பற்ற தணிக்கைக்குச் சான்றாகக் கொள்வதற்கில்லை.