காற்றை நம்பி இறங்கிய கலம்

2007 ஜனவரி 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி7 ராக்கெட் நான்கு செயற்கைக்கோள்களுடன் கிளம்பியது. அவற்றில் மூன்று போனவை போனவைதான். நான்காவது, திரும்பி வருவதற்கென்றே பிறந்தது. எஸ்.ஆர்.இ.-1 என்று இஸ்ரோ பெயரிட்ட அந்தக் கலத்தின் எடை 550 கிலோ, உயரம் 1.6 மீட்டர், அடிப்பகுதியின் விட்டம் 2 மீட்டர். மூக்கு மட்டும் கோளம்போல மழுங்கியிருந்தது.

மேலே ஏறும்வரை காற்று எதிரிதான். ராக்கெட்டின் உச்சியில் வெப்பக்கவசம் மாட்டி, காற்று மெலிந்த உயரம் வந்த பிறகே அதைக் கழற்றி எறிகிறார்கள். 600 கிலோமீட்டருக்கு மேலே அந்தத் தொல்லை அனேகமாக இல்லை. தடுக்க ஏதுமில்லாததால், எரிபொருள் எரிக்காமலேயே கலம் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே உலோகத்தை உருக்கிப் படிகமாக்கும் ஆய்வும் நடந்தது.

சிக்கல் திரும்புவதில்தான். சுற்றுப்பாதையில் போகும் வேகத்தை ராக்கெட்டை எதிர்த்திசையில் எரித்தே தணிப்பதென்றால், கலத்தைப்போல் பல மடங்கு எடையுள்ள எரிபொருளை மேலே சுமந்து போயிருக்க வேண்டும். அது நடக்கிற காரியமில்லை. ஆகவே அந்த வேலையைக் காற்றிடம் ஒப்படைத்தார்கள்.

ஜனவரி 22 காலை 9 மணிக்குக் கலத்தின் சிறு ராக்கெட்டுகள் எதிர்த்திசையில் எரியத் தொடங்கி, பத்து நிமிடத்தில் அணைந்தன. குறைந்த வேகம் கொஞ்சம்தான். ஆனால் சுற்றுப்பாதையை விட்டுக் கீழே சரிய அது போதும். 9.37-க்கு, 100 கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் கலம் வளிமண்டலத்துக்குள் நுழைந்தது. அப்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 4,900 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அவ்வளவும் சில நிமிடங்களில் வேறெங்காவது போயாக வேண்டும்.

காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப உயரும்: வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்கு. காற்றின் அடர்த்தி கூடக்கூட அதுவும் கூடும். கலம் மிகச் செங்குத்தாக இறங்கினால் தடையின் விசை நொறுக்கிவிடும். மிகச் சாய்வாக வந்தால் வெப்பத்தில் நெடுநேரம் கிடந்து, இறங்கும் இடமும் தவறிவிடும்.

இந்த வெப்பம் உராய்வால் மட்டும் வருவதாகப் பலர் எண்ணுகிறோம். பெரும்பகுதி வருவது, விலகிப் போக நேரமில்லாமல் கலத்தின் முன்னே நசுங்கும் காற்றிலிருந்து. மழுங்கிய மூக்கின் பயன் இங்கேதான். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஜூலியன் ஆலன் கண்டறிந்த உண்மை அது: மழுங்கிய முனை, அதிர்ச்சி அலையைத் தன்னிலிருந்து தள்ளியே நிறுத்தும், வெப்பத்தில் பெரும்பங்கு சுற்றியுள்ள காற்றோடு போய்விடும். மிச்சத்தை எஸ்.ஆர்.இ.-யின் மேற்பரப்பு சமாளித்தது. கார்பன் பீனாலிக் பூச்சு தான் கருகித் தேய்ந்து வெப்பத்தை எடுத்துச் சென்றது. சிலிக்கா ஓடுகள் அதை உள்ளே விடாமல் தடுத்தன.

5 கிலோமீட்டர் உயரத்துக்கு வந்தபோது வேகம் நொடிக்கு 101 மீட்டர். எண்பதில் ஒரு பங்கு என்று தோன்றும். ஆனால் ஆற்றலில் 6,000-ல் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. எரிபொருள் ஒரு சொட்டும் செலவாகாமல் காற்று செய்து முடித்த வேலை இது. அடுத்து விரிந்த சிறு பாராசூட்டுகள் வேகத்தை நொடிக்கு 47 மீட்டராக்கின. சுமார் 2 கிலோமீட்டர் உயரத்தில் பெரிய பாராசூட் விரிந்தது. 9.46-க்கு, நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் கலம் வங்கக் கடலில் விழுந்தது. மிதவைகள் உடனே விரிந்து அதைத் தாங்கின. கடலோரக் காவல்படையும் கடற்படையும் மீட்டுவந்தன.

உராய்வும் காற்றுத்தடையும் ஆற்றலை வீணாக்குபவை என்றே பள்ளியில் படிக்கிறோம். வீண் என்பது நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. 2014 டிசம்பர் 18 அன்று ஆளில்லாத விண்வெளி வீரர் கூடு ஒன்றும் 126 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இதே வழியில் இறங்கி அந்தமான் அருகே கடலில் விழுந்தது. நாளை ககன்யான் விண்கலத்தில் செல்லும் நம் வீரர்களை மேலே கொண்டுபோவது ராக்கெட். பத்திரமாக வீடு சேர்க்க வேண்டியது காற்றுத்தடை.