பாக்கின் 55ஆம் கன்டாட்டா

பாக்கின் 55ஆம் கன்டாட்டா என்பது ஜெர்மானிய இசையமைப்பாளர் ஜோகன் செபாஸ்தியன் பாக் (1685-1750) டெனர் எனப்படும் உச்ச ஆண்குரலுக்காக இயற்றிய கிறித்தவத் திருச்சபை இசைப்படைப்பு ஆகும். பரோக் காலத்தைச் சேர்ந்த இப்படைப்பு, "இஹ் ஆர்மர் மென்ஷ், இஹ் சுண்டன்க்னெஹ்ட்" என்னும் தன் முதல் வரியாலேயே பெரிதும் அறியப்படுகிறது. "ஏழை மனிதன் நான், பாவத்தின் ஊழியன் நான்" என்பது இதன் பொருள். 1726 நவம்பர் 17 அன்று லைப்சிக் நகரில் முதன்முதலாக இசைக்கப்பட்டது. பாக் தனி டெனருக்கு எழுதிய கன்டாட்டாக்களுள் இன்று எஞ்சியிருப்பது இது ஒன்றே. இதனைப் பாட ஏறத்தாழ 15 நிமிடங்கள் ஆகும்.

எஞ்சிய ஒன்று

பழைய நூற்பட்டியல்களில் மேலும் இரண்டு தனி டெனர் கன்டாட்டாக்கள் பாக்கின் பெயரில் காணப்படும். அவற்றுள் 160ஆம் எண்ணுடையது கேயோர்க் பிலிப் டெலிமன் இயற்றியது எனப் பின்னர் தெளிவாயிற்று. 189ஆம் எண்ணுடையது மெல்கியோர் ஹோப்மன் என்பவருடையதாகக் கருதப்படுகிறது. எனவே பழைய இசைத்தட்டுகளின் உறைகளில் இவை பாக்கின் படைப்புகளாகக் குறிக்கப்பட்டிருப்பதைக் கண்டு குழம்ப வேண்டியதில்லை.

1723 முதல் லைப்சிக் திருச்சபை இசைக்குப் பொறுப்பேற்றிருந்த பாக், 1726ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தனிக்குரல் கன்டாட்டாக்களைத் தொடர்ந்து எழுதினார். கீழ்க்குரலுக்கான புகழ்பெற்ற 56ஆம் கன்டாட்டா அக்டோபர் 27 அன்றும், பெண்குரல் உச்சமாகிய சொப்ரானோவுக்கான 52ஆம் கன்டாட்டா நவம்பர் 24 அன்றும் இசைக்கப்பட்டன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் அமைந்தது 55ஆம் கன்டாட்டா.

உரை

திரித்துவ ஞாயிற்றுக்குப் பின் வரும் 22ஆம் ஞாயிறுக்காக இது எழுதப்பட்டது. அன்று லூத்தரன் ஆலயங்களில் வாசிக்கப்பட்ட பகுதி மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் உள்ள கடன்காரன் உவமை ஆகும். அரசனிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியன் ஒருவன் மன்னிப்புப் பெறுகிறான். வெளியே சென்றதும், தனக்கு நூறு வெள்ளிக்காசு தரவேண்டிய உடன் ஊழியனின் கழுத்தைப் பிடிக்கிறான். ஒரு வெள்ளிக்காசு ஒரு நாள் கூலி, ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிக்காசு என்று கொண்டால், முதற்கடன் இரண்டாவதைப் போல் 6,00,000 மடங்கு ஆகும். எந்த ஊழியனாலும் தீர்க்க இயலாத தொகை என்பதே உவமையின் உட்கருத்து.

கன்டாட்டாவின் உரை இவ்வுவமையின் பிற்பகுதியைத் தொடவே இல்லை. உடன் ஊழியன் இதில் வருவதில்லை. கணக்குக் கேட்க அழைக்கப்பட்டவன் அரசன் முன் நடுங்கி நிற்கும் அந்தக் கணம் மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது. முதல் வரியின் "க்னெஹ்ட்" என்ற சொல்லே லூத்தரின் ஜெர்மன் விவிலியத்தில் அந்த ஊழியனைக் குறிக்கும் சொல்லாகும். மேலும் ஜெர்மன் மொழியில் "ஷுல்ட்" என்னும் ஒரே சொல் கடனையும் குற்றத்தையும் குறிக்கும். தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பிலும் கர்த்தர் கற்பித்த செபத்தில் பாவத்திற்குக் கடன் என்ற சொல்லே ஆளப்பட்டிருப்பது இங்கு ஒப்புநோக்கத் தக்கது.

உரையாசிரியர் யார் என்பது நெடுங்காலம் அறியப்படாதிருந்தது. லைப்சிக்கில் 1724 முதல் 1727 வரை பயின்று, பின்னர் நியூரம்பெர்க்கில் போதகரான கிறிஸ்தோப் பிர்க்மன் 1728இல் வெளியிட்ட தொகுப்பில் இவ்வுரை இடம்பெற்றிருப்பதை அண்மைக்கால ஆய்வு வெளிப்படுத்தியது. அதன்பின் அவரே ஆசிரியராக இருக்கக்கூடும் என்ற கருத்து வலுப்பெற்றுள்ளது.

இசையமைப்பு

படைப்பு ஐந்து பகுதிகளைக் கொண்டது. தொடக்க ஆரியா ஜி மைனரில் அமைந்தது. இதில் புல்லாங்குழல், ஓபோ தமோரே, இரு வயலின்கள் ஆகியவை அடித்தொடர் இசையுடன் பின்னி ஒலிக்கின்றன. வியோலா இப்பகுதியில் இல்லை. நடுக்குரல் நிரப்பப்படாததால் பாடகரின் குரல் தாங்குவாரின்றி மேலே நிற்பது போன்ற உணர்வு எழுகிறது. அடுத்த ரெசிட்டேட்டிவ் எனப்படும் பேச்சுநடைப் பாட்டில், விடியலின் சிறகேறிக் கடலின் கடைக்கோடிக்குப் பறந்தாலும் இறைவன் கைக்குத் தப்ப இயலாது என்ற 139ஆம் சங்கீதத்தின் கருத்து வருகிறது.

மூன்றாம் பகுதி இரக்கத்தை இறைஞ்சும் ஆரியா. டி மைனரில் அமைந்த இதில் பாடகருக்குத் துணை புல்லாங்குழலும் அடித்தொடரும் மட்டுமே. கன்டாட்டாவின் மிகச் சிறந்த பகுதி இதுவே எனலாம். இரக்கம் வேண்டும் அதே சொற்களோடு தொடங்கும் நான்காம் பகுதியில் நரம்பிசைக் கருவிகள் சேர்ந்துகொள்கின்றன. நீதியின் இருக்கை முன் அல்லாமல் அருளின் இருக்கை முன் செல்வேன் என்று பாடுபவன் ஆறுதல் கொள்கிறான். இறைமகன் தன் கடனைச் செலுத்திவிட்டார் என்று கூறி, உவமையின் ஊழியன் வேண்டியதைப் போலவே பொறுமையை வேண்டுகிறான்.

இறுதிப் பகுதியில் மட்டுமே நான்கு குரல்கள் ஒலிக்கின்றன. பி பிளாட் மேஜரில் அமைந்த இக்கோரல், யோகான் ரிஸ்ட் 1642இல் வெளியிட்ட ஞானப்பாட்டின் ஒரு செய்யுள் ஆகும். மெட்டு யோகான் ஷோப் அமைத்தது. திருமண விழாக்களில் பெரிதும் வாசிக்கப்படும், பாக்கின் 147ஆம் கன்டாட்டாவின் கோரலும் இம்மெட்டில் அமைந்ததே.

பாக்கின் கையெழுத்துப் படியில் முதல் இரு பகுதிகள் திருத்தங்களுடனும், பிற மூன்றும் தெளிவான நகலாகவும் உள்ளன. ஆகவே பின் மூன்று பகுதிகளும் முன்னரே எழுதப்பட்ட, இன்று கிடைக்காத ஒரு பாடுகளின் இசையிலிருந்து எடுக்கப்பட்டிருக்கலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர். 1727ஆம் ஆண்டின் மத்தேயு பாடுகளில், பேதுரு மறுதலித்த இடத்திலும் இரக்கம் வேண்டும் ஆரியாவை அடுத்து இதே கோரல் செய்யுள் வருவது இக்கருத்துக்கு இடமளிக்கிறது. எனினும் இது மெய்ப்பிக்கப்படவில்லை.

ஒலிப்பதிவுகள்

குரல் நெடுநேரம் உயர்ந்த சுரங்களிலேயே சஞ்சரிப்பதால் இப்படைப்பு பாடகர்களுக்குக் கடினமானது. தற்கால இசைக்கருவிகளுடன் அமைந்த ஹெல்மூத் ரில்லிங்கின் பதிவில் அடால்பர்ட் கிரவுஸ் பாடியுள்ளார். பழங்காலக் கருவிகளைக் கொண்டு, இன்றைய சுருதியினும் ஏறத்தாழ அரைச்சுரம் தாழ்த்திப் பாடும் முறை 1970களில் பரவியபின் பாடகரின் சுமை ஓரளவு குறைந்தது. குஸ்தாவ் லெயோன்ஹார்ட் நடத்திய பதிவில் குர்ட் எக்விலூஸும், மசாக்கி சுசுக்கியின் பாக் கொலீகியம் ஜப்பான் தொடரின் 38ஆம் தொகுதியில் கெர்ட் டுர்க்கும் பாடியுள்ளனர்.

சிகிஸ்வால்ட் குய்க்கன் நடத்திய லா பெட்டீட் பாண்ட் குழுவின் பதிவு வேறு வகையில் கவனிக்கத் தக்கது. இதில் தனிப் பாடகர் குழு ஏதும் இல்லை, குரலுக்கு ஒருவரே பாடுகின்றனர். எனவே நான்கு பகுதிகளைத் தனியே பாடிய டெனர் கிறிஸ்தோப் கென்ஸ், இறுதிக் கோரலில் நால்வருள் ஒருவராகக் கலந்துவிடுகிறார்.

முழு கன்டாட்டாவையும் கேட்க இயலாதோர் மூன்றாம் பகுதியிலிருந்து தொடங்கலாம். டெனரும் புல்லாங்குழலும் இணையும் பாக்கின் ஆரியாக்களை ரெய்னவுட் வான் மெகெலன் 2016இல் ஒரே தட்டாகத் தொகுத்து வெளியிட்டார். அத்தட்டு இந்த ஆரியாவின் முதற் சொற்களையே தலைப்பாகக் கொண்டுள்ளது.