செம்பு அண்டாவும் நம்ம பேராக் ஈயமும்



போன ஞாயிற்றுக்கிழமை கோயில் ஸ்டோர் ரூமை சுத்தம் பண்ண கோத்தோங் ரோயோங் வச்சிருந்தோம். பழைய பாய், உடைஞ்ச நாற்காலி எல்லாம் வெளியே எடுத்தப்போ மூலையில ரெண்டு செம்பு அண்டா கிடந்தது. தோட்டத்தை மூடி சனங்க எல்லாம் தாமானுக்கு வந்தப்போ, தோட்டத்து மாரியம்மன் கோயில்ல இருந்து லோரியில ஏத்திக் கொண்டு வந்தது. பழைய இரும்புக்காரர் பார்த்துட்டு அங்கேயே நல்ல விலை கேட்டாரு. கமிட்டியில பாதிப் பேர் கொடுத்திடலாம்னு சொல்றாங்க, பாதிப் பேர் கூடாதுங்கறாங்க. அடுத்த கூட்டத்துல முடிவு பண்ணணும். அதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்ச வரலாற்றை எழுதிடறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

தமிழ்ல செம்புன்னா உலோகத்துக்கும் பேரு, தண்ணி மொண்டு குடிக்கிற பாத்திரத்துக்கும் பேரு. அந்த அளவுக்கு அது நம்ம வீட்டோட கலந்த பொருள். மலாய்ல தெம்பாகான்னு சொல்றோமே, அதுவும் தாமிரம்ங்கற சமஸ்கிருத வேர்ல இருந்து வந்த சொல்தான். கோபுரத்து மேல கலசம், பூசைக்கு தீர்த்தச் செம்பு, சாமி ஊர்வலத்துக்கு செப்புத்திருமேனி, ராஜா கொடுத்த தானத்தை எழுதி வைக்க செப்பேடு. எல்லாத்துக்கும் இந்த ஒரு உலோகம்தான்.

செப்பேடுன்னதும் நம்ம நாட்டு சம்பந்தம் ஒண்ணு சொல்லணும். ஆனைமங்கலம் செப்பேடுகள்னு பேரு. ஹாலந்து நாட்டு லைடன் நகரத்துக்குப் போனதால லைடன் செப்பேடுகள்னும் சொல்வாங்க. பெரிய தொகுதியில 21 ஏடு, சின்னதுல 3 ஏடு. ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும் அரசனா இருந்தவர் பேர்ல நாகப்பட்டினத்துல ஒரு புத்த விகாரம் எழும்பிச்சு. அந்த விகாரத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் கிராமத்தை தானம் கொடுத்த விவரம் பெரிய தொகுதியில இருக்கு. கடாரம்ங்கறது நம்ம கெடா. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே கெடாவையும் நாகப்பட்டினத்தையும் சேர்த்து செம்புல எழுதி வச்சிருக்காங்க.

இப்போ அண்டா விஷயத்துக்கு வர்றேன். செம்புல சூடு ரொம்ப வேகமா பரவும். எவர்சில்வரை விட ஏறக்குறைய 25 மடங்கு வேகமா சூட்டைக் கடத்தும். விறகு அடுப்புல ஒரு பக்கம் மட்டும் தீ எரிஞ்சாலும் சோறு எல்லா பக்கமும் ஒரே மாதிரி வேகும், அடி பிடிக்கறது குறைவு. நூறு பேருக்கு ஆக்கற கோயில்ல அதனாலதான் செம்பு அண்டா வச்சாங்க.

ஆனா செம்புக்கு ஒரு குணம் உண்டு. புளிப்பு பட்டா கரையும். புளி, தயிர், எலுமிச்சை, தக்காளி எது பட்டாலும் பச்சையா களிம்பு ஏறும். அந்தக் களிம்பு வயித்துக்குள்ள போனா வாந்தி, வயித்துவலி. சைவ சித்தாந்தத்துல உயிரைப் பிடிச்சிருக்கற ஆணவ மலத்துக்கு செம்புல இருக்கற களிம்பைத்தான் உவமையா சொல்றாங்க. அப்போ அந்தக் காலத்து சனங்களுக்கு களிம்பு எப்படிப்பட்டதுன்னு தினமும் பார்த்துப் பழக்கம் இருந்திருக்கு.

களிம்பைத் தடுக்க பாத்திரத்துக்கு உள்ள வெள்ளீயம் பூசுவாங்க. ஈயம் பூசறதுன்னும் சொல்வாங்க, கலாய் பூசறதுன்னும் சொல்வாங்க. பாத்திரத்தை புளியும் மணலும் போட்டு நல்லா தேய்ச்சு, நெருப்புல சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத் துண்டை உள்ள தேய்ச்சா உருகும். உடனே பஞ்சால வேகமா துடைச்சு எல்லா பக்கமும் பரப்பணும். வெள்ளி மாதிரி பளபளன்னு வரும்.

இந்தக் கலாய்ங்கற சொல் அரபுல வெள்ளீயத்துக்கு இருக்கற பேர்ல இருந்து வந்தது. அந்த அரபுப் பேரு, பழைய அரபு எழுத்தாளர்கள் கலாஹ்னு எழுதி வச்ச துறைமுகத்தோட பேர்ல இருந்து வந்ததுன்னு சொல்றாங்க. அது மலாய்த் தீபகற்பத்துல இருந்தது, கெடாவாத்தான் இருக்கணும்னு ஆய்வாளர்கள் பலர் எழுதியிருக்காங்க. நம்ம பாட்டிமார் தமிழ்நாட்டு வாசல்ல உட்கார்ந்து "கலாய்க்காரர் வந்துட்டாரு"ன்னு கூப்பிட்ட அந்தச் சொல்லுக்குள்ள மலாயா இருந்திருக்கு.

தமிழ்நாட்டு மண்ணுல வெள்ளீயம் தோண்டி எடுக்கற அளவுக்குக் கிடையாது, கடல் தாண்டித்தான் வரணும். நம்ம பேராக்ல அது மண்ணோட மண்ணா கிடந்தது. லாருட், கிந்தா பள்ளத்தாக்கு மட்டும் இல்ல, நம்ம தாப்பாவைச் சுத்தி சென்டெரியாங், தெமோ, பீடோர் எல்லாமே ஈயச் சுரங்கம் இருந்த இடம். 1893ல தாப்பா ரோட்டுல இருந்து தெலுக் ஆன்சனுக்கு ரயில் போட்டது ஈயத்தை துறைமுகத்துக்குக் கொண்டு போகத்தான். அந்த நூற்றாண்டு முடியறப்போ உலகத்து வெள்ளீயத்துல பாதிக்கு மேல மலாயாவுல இருந்து போச்சு.

அதுக்கப்புறம் ரப்பர் வந்துச்சு. கங்காணிமார் ஆள் கட்டிக் கொண்டு வந்தாங்க. 1938ல இந்திய அரசாங்கம் அந்த ஆள் கட்டறதை நிறுத்தற வரைக்கும் கப்பல் கப்பலா சனம் வந்துச்சு. எங்க பாட்டி நாகப்பட்டினத்துல கப்பல் ஏறினப்போ கையில இருந்தது ஒரு துணி மூட்டையும் ஒரு செம்புத் தவலையும்தான். லயத்துல பொதுக் குழாயில தண்ணி பிடிச்சு அந்தத் தவலையில ராத்திரியே ஊத்தி வைப்பாங்க. காலையில பெரட்டுக்குப் போறதுக்கு முன்னாடி எங்களுக்கு அதுல இருந்துதான் தண்ணி.

அது வெறும் நம்பிக்கை இல்லைன்னு இப்போ தெரியுது. பெங்களூர்ல செஞ்ச ஒரு ஆய்வு 2012ல வெளியாச்சு. வயித்துப்போக்கு கிருமிகளைக் கலந்த தண்ணியை செம்புப் பானையில 16 மணி நேரம் வச்சுப் பார்த்தப்போ, அதுக்கப்புறம் அந்தக் கிருமிகளை வளர்த்துப் பார்க்க முடியலை. தண்ணியில இறங்கின செம்போட அளவும் உலக சுகாதார நிறுவனம் சொல்ற லிட்டருக்கு 2 மில்லிகிராம்ங்கற வரம்புக்கு ரொம்ப கீழே இருந்துச்சு. அதுக்காக செம்புத் தண்ணி எல்லா வியாதிக்கும் மருந்துன்னு வாட்ஸ்அப்ல வர்றதை நம்பாதீங்க. சந்தேகமான தண்ணியை கொதிக்க வச்சுத்தான் குடிக்கணும்.

பாட்டி அந்தத் தவலையில தண்ணியைத் தவிர வேற எதுவும் வைக்க மாட்டாங்க. மோர், புளித்தண்ணி, ரசம் எல்லாம் மண்சட்டியில. பால் கூட செம்புல ஊத்தக் கூடாதுன்னு சத்தம் போடுவாங்க. காரணம் கேட்டா "தோஷம்"னு ஒரே வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்குள்ள எவ்வளவு விஷயம் இருந்ததுன்னு போன வருஷம்தான் எனக்குப் புரிஞ்சுது.

போன வருஷம் ஆடிக்கூழ் அன்னைக்கு நடந்ததை மறைக்காம சொல்றேன், அதுல என் தப்பும் இருக்கு. எவர்சில்வர் அண்டா பத்தலைன்னு ராத்திரி கூழ் காய்ச்சி, மோர் கலந்து, இந்தச் செம்பு அண்டா ஒண்ணுல ஊத்தி வச்சுட்டோம். உள்ள ஈயம் தேஞ்சு செம்பு தெரியறதை யாரும் பார்க்கலை. நானும் டார்ச் அடிச்சுப் பார்க்கலை. காலையில மூடியைத் திறந்தா ஓரத்துல பச்சையா ஒரு வளையம். ஃபேக்டரியில 20 வருஷமா சரக்கை செக் பண்ணி அனுப்பற வேலை எனக்கு. அந்த நிறத்தைப் பார்த்ததும் கை நடுங்கிடுச்சு. மொத்தக் கூழையும் கீழே ஊத்திட்டோம். சாமிக்குப் படைக்க வேண்டியதை கொட்டறீங்களேன்னு பெரியவங்க சிலர் கோபப்பட்டாங்க. வாசல்ல பள்ளிக்கூடப் பிள்ளைங்க கிண்ணத்தோட நின்னாங்க. அம்மன் மன்னிப்பாங்க, பிள்ளைங்களுக்கு ஏதாவது ஆனா யாரு மன்னிக்கறது?

இன்னொரு விஷயம். இந்த ஞாயிறு ஒரு தம்பி நல்ல மனசோட "அண்ணே, நானே ஈயம் பூசிடறேன், வீடியோ பார்த்தேன்"னு ஹார்ட்வேர் கடையில வாங்கின சால்டர் கம்பியோட வந்தாரு. டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன், 60/40ன்னு போட்டிருக்கு. 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். காரீயம் விஷம், முக்கியமா பிள்ளைங்க மூளையை பாதிக்கும். 2006 ஜூலையில ஐரோப்பா எலக்ட்ரானிக்ஸ் சாமான்ல காரீயத்துக்குத் தடை போட்டப்போ, எங்க லைன் முழுக்க மாத்தி காரீயம் இல்லாத சால்டருக்குப் போனோம். ரேடியோ பெட்டிக்கே வேணாம்னு ஒதுக்கினதை சோத்துப் பானையில பூசறதா? தமிழ்ல ரெண்டுக்கும் ஈயம்னே பேர் இருக்கறதால வர்ற குழப்பம் இது. வெள்ளீயம் வேற, காரீயம் வேற. சந்தேகம் வந்தா துண்டை வெள்ளைத் தாள்ல கிழிச்சுப் பாருங்க. காரீயம் பென்சில் மாதிரி சாம்பல் கோடு நல்லா விழும். சுத்தமான வெள்ளீயக் கம்பியை வளைச்சா மெல்ல முனகற மாதிரி சத்தம் வரும்.

புதுசா செம்புப் பாத்திரம் வாங்கறவங்களுக்கும் நாலு வார்த்தை. கடைக்கு ஒரு காந்தம் எடுத்துட்டுப் போங்க. ஒட்டினா அது செம்பு இல்ல, மேல பூச்சுதான். ஒட்டலைன்னாலும் எடையைத் தூக்கிப் பாருங்க, தகடு மெலிசா இருந்தா வேணாம். சமைக்கறதுன்னா உள்ள வெள்ளீயமோ எவர்சில்வரோ இருக்கணும். வெள்ளீயம் 232 டிகிரியில உருகிடும், அதனால வெறும் பாத்திரத்தை அடுப்புல காய விடாதீங்க. கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீங்க.

கடைசியா என் கருத்து. விற்க வேண்டாம். பாட்டன் பூட்டன் பால்மரம் வெட்டின காசுல வரி போட்டு வாங்கின அண்டா அது. ஆனா அப்படியே அடுப்புல ஏத்தவும் வேண்டாம். ஒண்ணை தெரிஞ்ச ஆள்கிட்ட கொடுத்து சுத்தமான வெள்ளீயம் பூசி, வெந்நீர், வெண்பொங்கலுக்கு மட்டும் வைப்போம். பூச்சு தேஞ்சிருக்கான்னு ஒவ்வொரு தடவையும் டார்ச் அடிச்சுப் பார்க்கறது என் பொறுப்பு. இன்னொண்ணை துலக்கி, எந்தத் தோட்டத்துல இருந்து வந்ததுன்னு எழுதி மண்டபத்துல வைப்போம். கூழும் புளிசாதமும் எவர்சில்வர்லதான்.

பேராக்ல இன்னும் கலாய் பூசற பெரியவர் யாராவது இருந்தா தயவு செஞ்சு சொல்லுங்க. ஆடி வர்றதுக்குள்ள அவரைப் போய்ப் பார்க்கணும். நம்ம தம்பிங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போய் கத்துக்க வைக்கணும்.

அம்மன் துணை.