மானிப்பாயில் தமிழ் கற்ற இருதயம்

இருதயத்தின் வலப்பாகம் குருதியை நுரையீரலுக்கும், இடப்பாகம் உடலெங்கும் செலுத்துகின்றது. இச்சிறு பாடத்தைத் தமிழில் கற்பிக்க ஒருகாலத்தில் யாழ்ப்பாணத்தில் நூலில்லை. 1847ஆம் ஆண்டு அங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், கல்வின் கட்டர் தம் நாட்டுக் கலாசாலைகளுக்கு எழுதிய உடல்நூலை 1852இல் தமிழாக்கி வெளியிட்டார். உடலமைப்புக்கு அங்காதிபாதம் என்றும், உடற்றொழிலுக்குச் சுகரணவாதம் என்றும் அதில் பெயர். இன்றைய செவிக்கு இவை கரடுமுரடாகத் தோன்றலாம்.

சொல்லாக்கம் எளிய காரியமன்று. 'நாடி' என்றவுடன் தமிழ் மாணாக்கன் வாத, பித்த, சிலேற்பனங்களைக் காட்டும் துடிப்பையே நினைப்பான். அச்சொல்லை விடுத்தால் பாடம் அந்நியமாகும். வைத்துக்கொண்டால் பழைய பொருளும் கூடவே வரும். எனினும் பழஞ்சொல்லே நிலைத்தது. இலங்கைப் பாடநூல்களில் இருதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லும் குழாய் இன்று நாடி. மீளக் கொணர்வது நாளம்.

மானிப்பாயில் கிறீன் முதலில் ஆங்கிலத்திலேயே வைத்தியம் போதித்தார். கற்றவர்களோ கிராமத்தை விட்டு உத்தியோகம் தேடிச் சென்றனர். ஊரிலே தங்கும் வைத்தியரை வேண்டிய அவர், 1864இல் போதனாமொழியைத் தமிழாக மாற்றினார். உடல்நலங் குன்றி 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும், தமிழ் வைத்திய நூற்பணியை அவர் கைவிடவில்லை. 1884இல் அங்கேயே காலமானார்.